வந்தாரும் வந்தானும்

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையோரம் ஒரு தேநீர்க் கடை. உப்புக்காற்றும் காலை வெயிலும் சேர்ந்து முகத்தில் அப்பிக்கொள்ளும் நேரம். சிமெண்ட் தூசி படிந்த சட்டையோடு ஓர் இளைஞன் வந்தான். நின்றபடியே ஒரு டீ குடித்தான்; இரண்டு வடை தின்றான். கல்லாவின் முன் வந்து, கசங்கிய ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டி, "அண்ணாச்சி, துட்டு" என்றான். மீதியை எண்ணிப் பாராமல் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா அண்ணாச்சி? வடக்கனுக்குத் துட்டுன்னு சொல்ல வந்துட்டு!"

அந்தச் சிரிப்பில் வன்மம் இல்லை. மழலையை ரசிப்பவரின் மகிழ்ச்சி இருந்தது. அதற்கு அடியில் மெல்லிய இளக்காரமும் இருந்தது. நானும் சிரித்தேன். வீடு திரும்பும் வழியில்தான் அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது.

துட்டு என்பது நெல்லைச் சீமையின் நாவுக்கு நாள் முழுதும் பழகிய சொல். அது நம்முடைய சொல் என்பதில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால் அது கப்பலேறி வந்த சொல். 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், நடுவே இழந்தும் மீண்டும் பெற்றும், 1825 வரை இந்த ஊரைத் தம் கையில் வைத்திருந்தார்கள். அவர்களுடைய 'டொய்ட்' என்னும் சிறு செப்புக்காசுதான் நம் வாயில் துட்டு ஆனது. உலாந்தாக்காரர் என்று ஊர் அழைத்த அந்த மனிதர்களின் முகம் மறந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. அவர்களுடைய காசு மட்டும் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கிறது.

ஆக, அன்று காலை நடந்தது இதுதான்: வடக்கேயிருந்து வந்த ஒருவன், கடல் கடந்து வந்த ஒரு சொல்லை, தமிழ்ச்சொல் என்று நம்பிக் கற்று, அதைத் தம் சொல் என்று நம்பும் ஒருவரிடம் சொன்னான். அந்தச் சொல்லை எங்கள் இருவரில் யாரும் அயல் என்று நினைக்கவில்லை. சொன்னவனைத்தான் நினைத்தோம்.

வந்த சொல்லுக்கு இத்தனை எளிதாகக் கிடைக்கும் குடியுரிமை, வந்த மனிதனுக்கு ஏன் கிடைப்பதில்லை? வந்தவனுக்கு நாம் ஒரு பெயர் வைக்கிறோமே, அந்தப் பெயர் உண்மையில் எதைக் குறிக்கிறது? அவனுடைய ஊரையா, நிறத்தையா, மொழியையா? இவற்றுக்கெல்லாம் அப்பால், நாம் வாய்விட்டுச் சொல்லாத வேறொன்றையா?

இந்தக் கேள்வியைக் கேட்க, தூத்துக்குடி அமைந்திருக்கும் முத்துக்குளித்துறையைவிடப் பொருத்தமான கரை அரிது. கொற்கையில் முத்து எடுத்த காலந்தொட்டு இந்தக் கடற்கரை அயலாரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. பார்த்த ஒவ்வொருவருக்கும் ஒரு சொல்லைச் சேர்த்து வைத்திருக்கிறது. முதலில் யவனர். அயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயர் வடமொழி வழியே யவனம் ஆயிற்று. கிரேக்கரைக் குறித்தது, ரோமானியரையும் குறித்தது. அதே சொல்லின் வேறொரு வடிவமே சோனகர் என்பர் அறிஞர். அது அரபு வணிகரைக் குறித்து, பின்பு காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் தமிழே தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களின் பெயராகவே நிலைத்தது. ஏதென்ஸுக்கு எதிர்க்கரையில் பிறந்த ஒரு சொல் காயலில் வந்து குடியேறி, தமிழ் பேசும் மக்களின் பெயராகிவிட்டது. அயலாரைக் குறிக்கும் சொல்லுக்கு நிலையான முகவரி இல்லை என்பது இந்தக் கரை நமக்குச் சொல்லும் முதல் பாடம்.

முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனின் கூடாரத்தை யவனரும் மிலேச்சரும் காவல் காக்கிறார்கள். அங்கே வரும் மிலேச்சர் வாயால் பேசாமல் உடலசைவால் பேசுபவர்கள். அவர்கள் பிறவி ஊமைகள் அல்லர். தமிழ் தெரியாதவர்கள், அவ்வளவே. நம் மொழி பேசாதவனைப் பேச்சே இல்லாதவனாகக் காண்பது மனித குலத்தின் பழைய வழக்கம். கிரேக்கர்கள் தம் மொழி பேசாதவரை 'பர்பர்' என்று உளறுபவராகக் கேட்டு 'பார்பரோஸ்' என்றார்கள். ரஷ்யர்கள் ஜெர்மானியரைக் குறிக்க வைத்திருக்கும் சொல்லின் வேரிலேயே 'ஊமை' இருக்கிறது. பசிபிக் நடுவே ஹவாய்த் தீவுகளில் வெள்ளையரை 'ஹவ்லே' என்கிறார்கள். 'மூச்சு இல்லாதவர்' என்பதே அதன் பொருள் என்று மக்கள் விளக்கம் சொல்வார்கள். முகத்தோடு முகம் வைத்து மூச்சைப் பகிர்ந்து வணங்கத் தெரியாதவர் வெள்ளையர், அதனால் அந்தப் பெயர் என்று கதையும் உண்டு. மொழியறிஞர்கள் அந்த வேரை ஒப்புவதில்லை. ஆனாலும் மக்கள் அந்தக் கதையை விடாமல் சொல்வது ஏன் என்பதே சிந்திக்கத் தக்கது. பேச்சில்லாதவன், மூச்சில்லாதவன் என்று அயலானிடம் ஒரு குறையைக் கண்டுபிடித்த பிறகுதான் நம் நிறைவு நமக்கு உறுதியாகிறது போலும்.

பிறகு வந்தது பறங்கி. ஃபிராங்க் என்ற ஐரோப்பிய இனத்தின் பெயர், அரபும் பாரசீகமும் கடந்து, போர்த்துகீசியர் கரையிறங்கிய காலத்தில் தமிழில் பறங்கி ஆயிற்று. அந்தச் சொல் நம் ஊர்களில் ஏறியது, பறங்கிமலை, பறங்கிப்பேட்டை. நோயில் ஏறியது, பறங்கிப்புண். மருந்திலும் ஏறியது, நாட்டுமருந்துக் கடையில் இன்றும் பறங்கிப்பட்டை விற்கிறார்கள். அடுக்களையிலும் ஏறியது, எங்கள் பக்கம் பூசணி என்பதைத் தஞ்சையிலும் சென்னையிலும் பறங்கிக்காய் என்பார்கள். கேரட்டையும் பீட்ரூட்டையும் இங்கிலீஷ் காய் என்று ஒதுக்கும் அதே சந்தையில், பெயரிலேயே பறங்கியைச் சுமக்கும் காய் நாட்டுக்காயோடு குந்தியிருக்கிறது. அதே கடல்வழியில் வந்த இன்னொரு காய்க்கு நாம் மிளகின் பெயரை வைத்து மிளகாய் என்றோம். அது வெளியூர்க்காய் என்பதையே மறந்துபோனோம். இரண்டும் ஒரே திசையிலிருந்து வந்தவை. ஒன்றுக்கு அயலாரின் பெயர், ஒன்றுக்கு நம் வீட்டுப் பெயர். அயல்தன்மை வந்த பொருளில் இல்லை, பெயர் வைக்கும் நாவில் இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

காய்களோடு நின்றிருந்தால் இதை ஒரு சுவையான செய்தியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மனிதர்கள்மீது ஏறும்போது சொல் கனக்கிறது. 1530-களின் நடுவில் இந்தக் கரையின் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-இல் சவேரியார் வந்தார். புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்ற அன்றிக்கே அடிகளின் முயற்சியால் 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. அயலார் ஒருவரின் கைபட்டுத் தமிழ் எழுத்து இந்திய மண்ணில் முதன்முதலாக அச்சில் நின்றது. அதே காலத்தில், கிறிஸ்தவத்தில் சேர்வதைப் 'பறங்கி மார்க்கத்தில் சேர்வது' என்றே சொல்லும் வழக்கமும் வந்துவிட்டது. லிஸ்பனை ஒருநாளும் கண்டிராத, கட்டுமரத்திலும் வள்ளத்திலும் வாழ்ந்து இந்த மணலிலேயே புதைந்த தமிழர்கள், ஒரு குடம் தண்ணீர் தலையில் விழுந்ததால், தம் சொந்தக் கரையிலேயே பறங்கி ஆனார்கள்.

1606-இல் மதுரைக்குப் போன பாதிரியார் இராபர்ட் தே நொபிலிக்கு இந்தச் சொல்லின் கனம் உடனே புரிந்தது. பறங்கி என்றால் மது, மாட்டிறைச்சி, தீண்டத்தகாமை என்று மதுரை பொருள் கொண்டிருந்தது. தாம் பறங்கி அல்லர், ரோமாபுரியின் உயர்குடியில் பிறந்த துறவி என்று அவர் ஓலையில் எழுதி அறிவித்தார். காவியும் பூணூலும் தரித்துத் தத்துவ போதகர் ஆனார். அவர் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. ஆயினும் அந்த மறுப்பை நாம் நின்று நோக்க வேண்டும். 'பறங்கி என்று எவரையும் இழித்துரைப்பது தகாது' என்று அவர் சொல்லவில்லை. 'நான் அவர்களில் ஒருவன் அல்லன்' என்றார். அவமானச் சொல்லிலிருந்து வெளியேற ஒருவருக்குக் கதவு திறந்தது. முத்துக்குளித்துறையின் மீனவருக்கு அந்தக் கதவு இல்லை. இழிசொல்லை எதிர்கொள்ளும் இரண்டு வழிகளில், சொல்லை உடைப்பது கடினம். அதைப் பக்கத்தில் நிற்பவர்மீது விட்டுவிட்டு விலகுவது எளிது. நம்மில் பலரும் வாழ்நாளெல்லாம் இரண்டாவதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்?

காலம் அந்தச் சொல்லைத் தானே கரைத்தது. போர்த்துகீசியர் போனபின், டச்சு ஆட்சிக்குள்ளேயே, 1713-இல் பனிமய மாதா கோயில் எழுந்தது. பறங்கி மார்க்கம் என்ற பேச்சு ஒழிந்து, தென்மாவட்டத்து ஊர்களில் 'வேதக்காரர்', 'வேதக்கோயில்' என்ற மரியாதைச் சொற்கள் வழங்கலாயின. தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த நகராட்சித் தலைவரின் பெயர் குரூஸ் பர்னாந்து. பெயரின் இரு பாதியும் போர்ச்சுகல்லிலிருந்து வந்தவை. குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் நின்ற எந்தத் தாயும் அந்தப் பெயரை அயல்பெயர் என்று எண்ணியிருக்க மாட்டாள். தண்ணீர் தந்தவர் எப்படி அயலார் ஆவார்? கடலுக்கு அப்பால் இலங்கையிலோ, பறங்கியர் என்பது இன்று வசை அன்று. அரசுக் கணக்கெடுப்பிலே ஒரு சமூகத்தின் முறையான பெயர். அச்சம் இருந்தபோது வசையாக இருந்த சொல், அச்சம் தீர்ந்த இடத்தில் வெறும் பெயராக நிற்கிறது.

அடுத்து வந்த ஆங்கிலேயருக்கு நாம் துரை என்று பேர் வைத்தோம். தலைவன் என்று பொருள்படும் சொல்லை, முன்பின் தெரியாதவனின் காலடியில் கொண்டுபோய் வைத்தோம். முகத்துக்கு நேரே துரை. முதுகுக்குப் பின்னே வெள்ளைக்காரன். ஒரே மனிதனுக்கு ஒரே நாளில் இரண்டு பெயர். எதிர்ப்பு மூண்டபோது மூன்றாவது பெயர் பழைய ஏட்டிலிருந்து எழுந்து வந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனிடம் இருந்த கடிதத்தில் அதே 'மிலேச்சன்' நின்றது. முன்பு அரசனின் காவலாளாக, பேச்சற்றவனாக இருந்தவன், இப்போது மாட்டிறைச்சி தின்னும் தீட்டுக்காரனாக. வ.உ.சி. 1906-இல் வேறொரு சொல்லை எடுத்தார். எதிரிக்கு ஒரு பெயர் தேடாமல் தமக்கு ஒரு பெயர் வைத்தார்: சுதேசி. அந்தப் பெயரில் அவர் தொடங்கிய கப்பல் கம்பெனி வாங்கிய கப்பல்களின் பெயர்கள் காலியோ, லாவோ. இரண்டும் வெளிநாட்டில் கட்டப்பட்டவை. சுதேசியம் அதனால் குறைந்துவிடவில்லை. கப்பல் எங்கே கட்டப்பட்டது என்பது அவருக்குக் கேள்வியாக இல்லை. அது யாருடைய அடிமைத்தனத்தைச் சுமக்கிறது என்பதே கேள்வியாக இருந்தது.

இங்கே, மீண்டும் ஹவாய்க்குப் போய்வர வேண்டியிருக்கிறது. 1878 முதல் அந்தத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போர்த்துகீசியர்கள் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டார்கள். அதே போர்ச்சுகல், அதே நிறம், அதே மதம். ஆனால் அங்கே அவர்களை யாரும் ஹவ்லே வரிசையில் சேர்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் கணக்கெடுப்புகள் வெள்ளையருக்கு ஒரு பத்தியும் போர்த்துகீசியருக்கு வேறொரு பத்தியும் ஒதுக்கின. ஹவ்லே என்பது தோட்டத்தின் முதலாளி. மண்வெட்டி பிடித்தவனுக்கு அந்தப் பெயர் கிடையாது. பீரங்கியோடு வந்த கரையில் பறங்கி என்று பெயர் பெற்ற ஓர் இனம், மண்வெட்டியோடு போன கரையில் வெள்ளையர் என்ற பெயருக்கே தகுதி இழந்தது என்றால், அந்தப் பெயர்கள் இதுநாள்வரை எதைக் குறித்தன? தோலையா? அன்று. தேசத்தையா? அதுவும் அன்று. வந்தவனுக்கும் இருந்தவனுக்கும் நடுவே உள்ள உயரத்தைக் குறித்தன.

இது நமக்கும் நேர்ந்தது. இதே தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி ஏழைத் தமிழர்கள் இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குப் போனார்கள். காடழித்துக் காப்பியும் தேயிலையும் வளர்த்தார்கள். நூறு ஆண்டுக்கு மேல் உழைத்தபின், 1948-இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்குப் பிரித்தது. அங்கே அவர்கள்மேல் எறியப்பட்ட சொல் எது? கள்ளத்தோணி. தோணி நம் கரையின் சொல். நம் தண்டல்கள் பாயேற்றி ஓட்டிய கலம். இந்தக் கரை உலகுக்குக் காட்டிய பெருமைகளில் ஒன்று. அதன்முன் ஒரு 'கள்ள' சேர்த்து, நம்மவரின் நெற்றியிலேயே ஒட்டினார்கள். இந்தியாவுக்குத் திரும்பி வந்தவர்களை நாம் எப்படி வரவேற்றோம்? சிலோன்காரன் என்றோம். அக்கரையில் இந்தியாக்காரன், இக்கரையில் சிலோன்காரன். நடுவே கிடந்த கடல் ஒன்றுதான் அவர்களை எந்தப் பெயரும் சொல்லி அழைக்காதது.

ஒருவன் நமக்கு மேலே நின்றால் துரை. நமக்குச் சமமாகப் பழகினால் அவனுடைய சொந்தப் பெயர். நமக்குக் கீழே நின்றால் ஒரு திசையின் பெயர். திசைதான் அவனுக்குப் பெயர் என்று ஆனபின் அவனுக்குத் தாய் வைத்த பெயர் தேவைப்படுவதில்லை. பெயர் தேவைப்படாதவனுக்கு வீடு வாடகைக்குக் கிடைப்பதில்லை. களவு போனால் முதல் சந்தேகம் அவன்மேல் விழுகிறது. சாரத்திலிருந்து விழுந்து செத்தால் செய்தியில் 'வடமாநிலத் தொழிலாளி' என்ற இரண்டு சொற்களோடு அவன் வாழ்க்கை முடிந்துவிடுகிறது. கடைக்காரரின் சிரிப்பில் வன்மம் இல்லை என்றேன். உண்மைதான். வன்மம் இல்லாமலே இத்தனையும் நடக்கும் என்பதுதான் அச்சம் தருவது. அளவுகோல் சொல்லுக்குள் இருக்கும்போது, அளப்பவர் கெட்டவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வந்தாரை வாழவைக்கும் மண் என்று நம் மண்ணைப் பற்றி நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தத் தொடரில் விருந்துக்கு உரிய மரியாதை விகுதியிலேயே இருக்கிறது: வந்தார். ஆனால் இந்தக் கட்டுரையின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். சவேரியார் வந்தார் என்று எழுதியிருக்கிறேன். நொபிலி அறிவித்தார் என்று எழுதியிருக்கிறேன். கடைக்காரர் சிரித்தார் என்று எழுதியிருக்கிறேன். உழைத்த காசில் டீ குடித்து, நம் ஊர்ச்சொல்லைக் கற்று, அண்ணாச்சி என்று முறை வைத்து அழைத்து, மீதியை எண்ணாமல் நம்பி வாங்கிச் சென்ற அந்த ஒருவரை மட்டும் வந்தான், தின்றான், போனான் என்று எழுதியிருக்கிறேன். அவர் பெயரை நான் கேட்கவில்லை. விகுதியை நான் தேர்ந்தெடுக்கவும் இல்லை. எண்ணம் எழுவதற்கு முன்பே கை அளந்து முடித்துவிட்டது.

யவனர் முதல் வடக்கன் வரை இந்தக் கரை வைத்த பெயர்கள் ஒவ்வொன்றும், வந்தவர் யார் என்பதைவிட, அந்த நேரத்தில் நாம் எங்கே நின்றோம், யாருக்கு அஞ்சினோம், யாரைக் கண்டு நிமிர்ந்தோம் என்பதையே எழுதிவைத்திருக்கின்றன என்றால், அயலாரைக் குறிக்கும் சொற்களின் வரலாறு அயலாரின் வரலாறு அன்று. அது நம்முடைய உள்ளத்தின் வரலாறு. துட்டைத் தன்னதாக்கிக்கொள்ள நாவுக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று: அதைக் கையில் வாங்கி, எண்ணி, கொடுத்து, மீண்டும் வாங்கும் அன்றாடம். மனிதரைத் தம்மவர் ஆக்கிக்கொள்ள உள்ளத்துக்குத் தேவைப்படுவதும் அதற்குமேல் இல்லை. ஆனால் அந்த அன்றாடத்தை நாவு தானே தொடங்கிவிடுகிறது, உள்ளமோ தொடங்கச் சொல்லும்வரை காத்திருக்கிறது. அதைத் தொடங்கச் சொல்ல வேண்டியவர் நாம். தொடங்க வேண்டிய இடம், 'உங்க பேரு என்ன?' என்ற கேள்வி.